பத்து நிமிஷ ரோடு

நம்புங்கன்னு நான் யாரையும் கெஞ்சப் போறதில்லை. நான் பூங்கோதை, முப்பது வருஷம் கணக்கு டீச்சர், தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம்னு எத்தனையோ ஆயிரம் பிள்ளைங்க தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக்குடுத்தவ. அந்த நானே சொல்றேன், செங்கல்பட்டுப் பக்கம் எங்க மயிலிறகு கார்டன்ஸ்லேர்ந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போற ஒம்பது கிலோமீட்டர் ரோடு, ஒரு பொம்பளை நடந்து நடந்து தேஞ்சு போய், பத்து நிமிஷமா ஆயிடுச்சு. என் வீட்டுக்காரர் தணிகாசலம் நெடுஞ்சாலைத் துறையில இஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரோடு குழி விழும், மழைக்கு அடிச்சிட்டுப் போகும், ஆனா தேய்ஞ்சு குட்டையாகிறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிச் சொன்னார். சொல்லிட்டு அடுத்த வாரமே அதே ரோட்டுல நடந்து போய் எனக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்தார்.

எங்க நகரைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். அறுபத்திரெண்டு வீடு, எண்பத்தொரு கார். பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது, ஒரு பொட்டிக்கடைகூடக் கிடையாது. கறிவேப்பிலை வேணும்னா கார், காய்ச்சல் மாத்திரை வேணும்னா கார், முடி வெட்டிக்கக் கார், கோயிலுக்குக் கார், சும்மா நாலு மனுஷ முகம் பாக்கணும்னாலும் கார். ரசம் கொதிக்கும்போது பெருங்காயம் தீர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சா, அடுப்பை அணைச்சிட்டு, நைட்டிக்கு மேல துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு, ஏசி கார்ல ஒம்பது கிலோமீட்டர் போய், ரயில்வே கேட்டுல கால் மணி நேரம் நின்னு, பெருங்காயத்தோட திரும்பி வர்றதுக்குள்ள ரசம் ஆறி அவலமாயிருக்கும். இதுக்குப் பேர்தான் வசதின்னு நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, ஆடி மாசத்துல, ஒரு குட்டியானை வண்டியில சாமானை ஏத்திக்கிட்டு நாப்பத்தி மூணாம் நம்பர் வீட்டுக்குக் குடி வந்தா பேச்சியம்மாள். ஆடியில யாராவது குடி வருவாங்களா? வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்துட்டிருந்த நானே வாயை அடக்க முடியாம கேட்டுட்டேன்.

"ஆடியில வண்டி வாடக பாதிதான யக்கா," ன்னா அவ, தலையில அம்மியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. "வண்டிக்காரன் சும்மா கெடக்கான், கூப்புட்டா ஓடியாரான். ஆவணின்னா நாமல்லா அவன் கால்ல விழணும்."

நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, ஒடிசலான உடம்பு, ஓயாத கை. அவ புருஷன் சுடலைமுத்து இடுப்புல பெல்ட்டுப் போட்டுக்கிட்டு வண்டியிலேர்ந்து மெல்ல இறங்கினார். கொருக்குப்பேட்டையில அவரோட அண்ணனுக்குப் பெரிய மளிகைக்கடை. அண்ணன் பேர் சிவனணைந்தபெருமாள், ஊருக்கே அண்ணாச்சி. அந்தக் கடையில பத்தொம்பது வருஷம் அரிசி மூட்டை தூக்கித்தான் சுடலைமுத்துவுக்கு முதுகு போச்சு. அந்தப் பத்தொம்பது வருஷமும் கடைக்கு மேல இருந்த தகரம் போட்ட ஒரே ரூம்தான் புருஷன் பெண்டாட்டிக்கு. சுவத்துல ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னா அண்ணாச்சியைக் கேக்கணும். பகல்ல ஃபேன் சுத்தினா கீழேர்ந்து அண்ணாச்சி மெயினை அணைச்சிடுவாரு. ஊர்ல தன் பங்குக்கு வந்த நிலத்தை வித்து, கழுத்துல கிடந்ததையும் வித்து, இந்த வீட்டை வாங்கிட்டா பேச்சியம்மாள். அண்ணாச்சி சிரிச்சாராம்.

"அங்க காரில்லாம காக்கா கூட குடியிருக்காது. காணும்பொங்கலுக்கு நானே வருவேன். அதுவரைக்கும் ஒம் பொண்டாட்டி கார் வாங்காம, வேல வெட்டியோட அங்க தாக்குப்பிடிச்சான்னா சரி. இல்லன்னா வீட்ட வித்துட்டு மரியாதையா மாடிக்கு வந்துரணும்," ன்னு தம்பிகிட்ட சொல்லியிருக்காரு. சுடலைமுத்து எப்பவும் சொல்றதைத்தான் அன்னிக்கும் சொல்லியிருக்காரு: "சரிண்ணே."

குடி வந்த மறுநாள் காலையில பேச்சியம்மாள் கையில வழவழன்னு ஒரு நோட்டீஸோட என் வாசலுக்கு வந்தா. வீடு விக்கிறப்ப பில்டர் குடுக்கிறது. நீச்சல் குளம் படம், யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை படம், கீழே சிவப்பு எழுத்துல 'ரயில் நிலையம் பத்தே நிமிடம்'.

"யக்கா, டேசனுக்கு எந்தப் பக்கம் போணும்?"

"அது ஒம்பது கிலோமீட்டர்மா. கார்லயே அரை மணி ஆகும்."

"பத்து நிமிசம்னுல்லா போட்டுருக்கு?"

"பில்டர்னா அப்படித்தாம்மா போடுவான். நீ ஒண்ணு."

அவ நோட்டீஸைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அச்சடிச்சுல்லா போட்டுருக்கான்," ன்னா. "பொய்யின்னா கையில எழுதிக் குடுத்துருக்க மாட்டானா? பத்து நிமிசம்னா பத்து நிமிசமாத்தான் இருக்கும். நடந்து பாக்கேன்." நோட்டீஸை நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நடந்தா. பில்டர் நோட்டீஸை நம்பின ஒரே ஜீவன்னு அன்னிக்கு நாங்க பொண்டுகள் எல்லாம் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

ஸ்டேஷன் பக்கத்துல ஒரு மெஸ். ரயில்வே ஆட்களும் லாரிக்காரங்களும் சாப்பிடற இடம். காலை எட்டு மணிக்குச் சமையல் கட்டுக்குள்ள இருக்கணும், ஒரு மணிக்குள்ள நூத்தைம்பது பேருக்கு இலை போடணும். அந்த வேலை பேச்சியம்மாளுக்குக் கிடைச்சுது. ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவா. வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவா. வெயில்னா தலையில துண்டு, மழைன்னா உரச்சாக்கு. வரும்போது ரெண்டு கை கொள்ளுற அளவுக்குச் சாமான். அதுக்கு மேல அந்த வீட்டுக்கு எதுவும் தேவைப்படலை. வீட்டோட வந்த பிரிட்ஜை பிளக்கைப் பிடுங்கிப் பருப்பு டப்பா வைக்கிற அலமாரியாக்கிட்டா. குளிச்ச தண்ணி வாழைக்கு, அரிசி கழுவின தண்ணி முருங்கைக்கு, முருங்கைக்கீரை எங்களுக்கு. சுடலைமுத்து நாள் பூரா வாசல்ல உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டிருப்பாரு.

அந்த நடையைத்தான் ரோடு தாங்கலை போல.

முதல்ல கவனிச்சது நான்தான். ஆடி முடியறப்ப அவ ஆறரைக்குக் கிளம்பினா. ஆவணி நடுவுல ஏழு மணி. நான் காலண்டர்ல பென்சிலால குறிச்சு வெச்சேன், முப்பது வருஷப் பழக்கம் விடுமா? புரட்டாசியில ஏழரைக்குத்தான் வாசல்ல கோலமே போட்டா. ஒருநாள் சாயங்காலம் நான் மாடியில துணி எடுத்துக்கிட்டிருக்கேன், அவ நகர் கேட்டுக்குள்ள நுழைஞ்சு, நேரா என் வீட்டுக்கு வந்து, "யக்கா, டேசன் கடையில இப்பத்தான் எடுத்தான்," ன்னு ஒரு பேப்பர் பொட்டலத்தைக் குடுத்தா. பிரிச்சேன். மெதுவடை. விரலைச் சுட்டுது. கையை உதறினேன்.

ஒம்பது கிலோமீட்டர் தாண்டி வந்த வடை விரலைச் சுடுதுன்னா கணக்கு எங்கேயோ உதைக்குதுன்னு அர்த்தம். மறுநாள் என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கிட்டு அவ கிளம்பற அதே நேரத்துக்குக் கிளம்பினார். மீட்டர்ல ஒம்பது கிலோமீட்டர், நடுவுல ரயில்வே கேட்டு, முப்பத்தஞ்சு நிமிஷம். அவர் போய்ச் சேரும்போது மெஸ் ஜன்னல் வழியாப் பார்த்தா, பேச்சியம்மாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. பெரிய அண்டா நிறைய உரிச்சு முடிச்சிருந்தா. வீட்டுக்கு வந்து மனுஷன் கார் சாவியை ஆணியில மாட்டினார். சாயங்காலம் செருப்பை மாட்டினார், நடந்தார், மல்லிப்பூவோட வந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?" ன்னு கேட்டேன்.

"அதே செங்கல் சூளை, அதே ஏரிக்கரை, அதே கருவேலங்காடு," ன்னார். "எதுவும் காணாமப் போகலைடி. எல்லாம் கொஞ்சம் நெருங்கி உக்காந்திருக்கு. பந்தியில இன்னொருத்தருக்கு இடம் விட்டு நகர்ந்து உக்காருவாங்களே, அந்த மாதிரி."

அதுக்கப்புறம் யாரும் ஆச்சரியப்படலை. ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் எங்கே இருந்துச்சு? ரயிலைப் பிடிக்கப் போறவங்க நடந்தாங்க. டியூஷனுக்குப் போற பொண்ணுங்க அப்பா எப்ப கார் எடுப்பாருன்னு காத்துக் கிடக்காம அதுங்களா போய்ட்டு அதுங்களா வந்துச்சுங்க. பத்து வருஷமா வாசல்படி தாண்டாத மாமனார் மாமியார் எல்லாம் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போய்ட்டு ஒரு பஜ்ஜியும் தின்னுட்டு வந்தாங்க. ரோட்டோட குணமும் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிபட்டுது. காலுக்குப் பத்து நிமிஷம், காருக்கு அதே ஒம்பது கிலோமீட்டர், சைக்கிளுக்கு நாலு. நடந்து போறவன் பாக்கெட்டுல கார் சாவி இருந்தா ரெண்டு கிலோமீட்டர் கூடிடும். ஏன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? அதை முதல்ல கண்டுபிடிச்சது எங்க அசோசியேஷன் செகரட்டரி சடகோபன். அவர் சாவி இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டார். கூட வந்தவங்க எல்லாம் டீ குடிச்சு முடிச்சப்புறம் நாக்கு தள்ள வந்து சேர்ந்தார்.

எண்பத்தொரு காரும் வாசல்ல தூசி படிஞ்சு நின்னுச்சு. கார்த்திகையில ஒரு கார் மேல பூசணிக்கொடி ஏறிக் காயும் விட்டுது. நான் எங்க கார் பானெட்டுல மோர்மிளகாய் காய வெச்சேன். வெயில் நல்லாப் பிடிக்கிற இடம், சும்மா சொல்லக் கூடாது. மத்தியானத்துல ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக ஆரம்பிச்சோம், ஒண்ணா நடந்து போற வழியில யாருக்கு சுகர், யார் மருமகளுக்கு எத்தனாவது மாசம்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. சிக்கனம்னா கஞ்சத்தனம்னு நினைச்சிருந்த நானே பிரிட்ஜுல மூணு வாரக் காய்கறியை அடுக்கி வைக்கிறதை விட்டேன்.

இவ்வளவும் நல்லா போய்க்கிட்டிருக்கும்போது, நன்றி சொல்றேன் பேர்வழின்னு நாங்களே எங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்.

அசோசியேஷன்காரங்க பொங்கலைப் பொங்கலன்னிக்கா கொண்டாடுவாங்க? அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான். பேச்சியம்மாளுக்குப் பாராட்டு விழான்னு சடகோபன் சர்க்குலர் விட்டார். நாதஸ்வரம், தவில், பொன்னாடை, கேடயம், ஊர்வலம். நம்ம ஆளுங்களுக்கு ஒருத்தரை மதிக்கிறதுன்னா என்ன தெரியும்? கழுத்தை மறைக்கிற அளவுக்கு மாலையைப் போட்டு, கார்ல ஏத்தி, ஊரைச் சுத்திக் கொண்டு வரணும். சடகோபன் எங்கேயோ சொல்லி மேல் மூடி இல்லாத கார் ஒண்ணு வரவழைச்சு, செவ்வந்திப்பூவால மூடிக் கொண்டாந்து நிறுத்தினார்.

பேச்சியம்மாள் பின்வாங்கினா. "எனக்கு எதுக்குங்க கார்? நான் முன்னால நடக்கேன், மேளக்காரவுக பின்னால வரட்டும்," ன்னா.

அவ கையைப் பிடிச்சு, "ஏறும்மா, எல்லாரும் ஆசைப்படறாங்கல்ல, இது என்ன பெரிய விஷயம்," ன்னு கார்ல ஏத்தி உக்கார வெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். இந்தக் கைதான். ஸ்டேஷன் வரைக்கும் ஊர்வலம். அவ பின் சீட்டுல, மாலைக்குள்ள, பல்லு பிடுங்கப் போறவ மாதிரி உக்காந்திருந்தா.

திங்கட்கிழமை காலையில வழக்கம்போல ஏழே முக்காலுக்குக் கிளம்பினா. மெஸ்ஸுக்குப் போய்ச் சேர ஒம்பதரை. ரோடு மறுபடியும் ஒம்பது கிலோமீட்டர். செவ்வாக்கிழமை ஆறு மணிக்கே கிளம்பினா. அன்னிக்கு ரோடு பன்னெண்டு கிலோமீட்டர், எட்டரைக்குத்தான் சேர்ந்தா. ரோடு பழைய கணக்குக்குத் திரும்பினதோட நிக்கலை, முறுக்கிக்கிட்டு நாளுக்கு மூணு கிலோமீட்டர் கூடுது. அவளுக்கு மட்டும் இல்லை, நகர் பூராவுக்கும். மெஸ்காரம்மா, "ரெண்டு நாள் பொறுத்துட்டேன். நாளைக்கும் எட்டுக்கு நீ இல்லைன்னா வேற ஆள் போட்டுடுவேன், பொங்கல் நேரம், கூட்டம் தாங்காது," ன்னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை காணும்பொங்கல். வேலை போச்சுன்னா அண்ணாச்சி வந்து ஜெயிச்சுட்டுப் போயிடுவாரு. வீடு போகும். அந்தத் தகர மாடிதான்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் போனேன். படியில உக்காந்து வெந்நீர்ல காலை ஊற வெச்சிருந்தா. பாதம் வீங்கிக் கிடந்துச்சு. பக்கத்துல சுடலைமுத்து பழைய சாக்குகளை மடிச்சு அடுக்கிக்கிட்டிருந்தாரு. சாமான் கட்டத்தான்.

"பேச்சி, நான்தாம்மா உன்னை ஏத்தி விட்டேன். என்னைத் திட்டு," ன்னேன்.

"என்னத்துக்குத் திட்டணும்? ஆசப்பட்டுச் செஞ்சீக." காலைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "மொத நாளும் ஒம்பதுதான யக்கா இருந்துச்சு, அன்னைக்கு என்ன பறந்தா போனேன்? நாளைக்குப் பதினஞ்சுன்னா அஞ்சு மணிக்குக் கெளம்புதேன். அடுத்த நாளு பதினெட்டுன்னா நாலு மணிக்கு. ஆனா சனிக்கெழம இருவத்துநாலு. அதுக்குத்தான் கணக்கு இடிக்கி. கணக்கு டீச்சர்தான, நீங்களே சொல்லுங்க."

கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா. ஒரு ஜோடி கால் ஒம்பது கிலோமீட்டரைத் தேய்க்க மூணு மாசம். நூத்தைம்பது ஜோடி கால்னா? பேப்பரைக் கீழே வெச்சேன். அறுபத்திரெண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். கிளாஸ்ல பேசுவேனே, அந்தக் குரல்லதான் பேசினேன்: "நம்ம வழியை நாமதான் கெடுத்தோம், நாமதான் சரி பண்ணணும். காலையில அஞ்சு மணிக்கு நகர் கேட்டுல இருக்கணும். முட்டி வலி, மூச்சு வாங்குதுன்னு எவனாவது சொன்னீங்க, அப்புறம் இருக்கு." எனக்கே ரெண்டு முட்டியும் போய் எட்டு வருஷமாச்சு. ஊர் பூரா நடந்தப்பகூட நான் பாதி நாள் வடையை வாங்கிட்டு வரச் சொல்லி வீட்டுலயே இருந்தவ.

போகி விடிகாலை. பனி. வாசலுக்கு வாசல் கோலம். கேட்டுல நூத்தி நாப்பது பேர். குல்லா போட்டவங்க, கம்பளி சுத்தினவங்க, இடுப்புல குழந்தையோட வந்தவங்க, செகரட்டரி சடகோபன், என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் முன்னால வீங்கின காலோட பேச்சியம்மாள். நடந்தோம். செங்கல் சூளை வரவே இல்லை. அரை மணி நடந்தோம், அப்பவும் வரலை. ஒரு மணி நடந்தோம். ரோடு அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது. குழந்தைங்க சிணுங்குதுங்க. ஒருத்தர் ரெண்டு பேர் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சாங்க. என் முட்டி ரெண்டும் கொல்லுது. பேச்சியம்மாள் மட்டும் திரும்பிப் பார்க்காம நொண்டி நொண்டிப் போய்க்கிட்டே இருக்கா.

ஒரு கருவேல மரத்துக்கிட்ட நான் நின்னேன். எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஏன்னா என் இடுப்புச் சுருக்குப்பையில குத்திக்கிட்டிருந்தது என்னன்னு எனக்குத் தெரியும். கார் வீட்டு வாசல்ல நிக்குது, சாவி என் இடுப்புல. என்ன பிரயோஜனம்னு கேக்காதீங்க, எதுக்கும் இருக்கட்டுமேன்னு எடுத்தது, ஒரு தைரியத்துக்கு. சாவியை வெளியே எடுத்தேன். எல்லாரும் பார்க்கட்டும்னு தூக்கிக் காட்டினேன்.

"நான் வெச்சிருந்தேன். இந்த ரோட்டை நான் நம்பலை. நம்பினேன் நம்பினேன்னு வாய்தான் சொல்லுச்சு," ன்னு சொல்லி அதை அந்தக் கருவேல முள்ளுல மாட்டினேன்.

அப்புறம் என் வீட்டுக்காரர் இருமினார். ஸ்வெட்டர் பையிலேர்ந்து ரெண்டாவது சாவியை எடுத்து மாட்டினார். அட பாவி மனுஷா! சடகோபன் மூணு சாவி மாட்டினார். அதுக்கப்புறம் யாரும் யாரையும் பார்க்கலை, ஒவ்வொருத்தரா வந்து, மடியிலேர்ந்து, சட்டைக்குள்ளேர்ந்து, சாக்ஸுக்குள்ளேர்ந்து எடுத்து மாட்ட மாட்ட, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டின மரம் மாதிரி அந்தக் கருவேல மரம் பூரா சாவி தொங்கிச்சு. எண்பத்தொரு கார்ல ரெண்டே ரெண்டு காரோட சாவிதான் அதுல இல்லை. அந்த ரெண்டு யாருதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

பேச்சியம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தா. "ஏ, இவ்வளவு இரும்பையா தூக்கிட்டு வந்தீக? அதான் கால் நகரல," ன்னு சொல்லி முதல் தடவையா வாய் விட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டுக் காலை எடுத்து வெச்சா. நாங்களும் வெச்சோம். பத்து அடிகூடப் போயிருக்க மாட்டோம், செங்கல் சூளை வந்துச்சு. மூச்சு விடறதுக்குள்ள ஏரி முடிஞ்சுது. ரயில்வே கேட்டு வந்துச்சு, ஸ்டேஷன் வந்துச்சு, டீக்கடைக்காரர் அப்பத்தான் பாய்லர்ல கரியைப் போட்டுக்கிட்டிருந்தாரு. மணி ஆறே கால்தான். மெஸ் கதவே திறக்கலை. நூத்தி நாப்பது பேரும் பிளாட்பாரத்துல உக்காந்து டீ குடிச்சோம். மெஸ்காரம்மா வந்து கதவைத் திறக்கும்போது பேச்சியம்மாள் படியில உக்காந்து, அவங்க கேக்காமலே, ஒரு முறம் மொச்சையை உரிச்சு வெச்சிருந்தா. எனக்கு சந்தோஷத்துல கையும் ஓடலை காலும் ஓடலை. அன்னிக்கு நான் ஏழு வடை தின்னேன்.

சனிக்கிழமை, காணும்பொங்கல், சொன்ன வாக்குத் தவறாம அண்ணாச்சி வந்தாரு. தன் கார் டிரைவருக்குப் பொங்கல் லீவுங்கிறதால ரயில்ல வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசல்ல சாமான் ஏத்த ஒரு குட்டியானையைப் பேசி, அதுல ஏறி, ஒம்பது கிலோமீட்டரும் குலுங்கி, ரயில்வே கேட்டுல இருபது நிமிஷம் நின்னு, வெள்ளை வேட்டியெல்லாம் செம்மண்ணோட நாப்பத்தி மூணாம் நம்பர் வாசல்ல இறங்கினாரு. நாங்க எல்லாரும் அவங்கவங்க வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி நின்னோம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு யார் தண்ணி ஊத்துவாங்க? ஆனாலும் ஊத்தினோம்.

"எங்கலே அவ?" ன்னாரு அண்ணாச்சி. "வேல போயி உள்ள மொடங்கிக் கெடக்காளா?"

"வேலைக்குத்தாண்ணே போயிருக்கா," ன்னாரு சுடலைமுத்து. "இன்னைக்குப் பந்தி ஜாஸ்தி."

"இந்தக் காட்டுலேர்ந்து கார் இல்லாம எங்கடே வேலைக்குப் போறா? யாருகிட்ட கத வுடுத? ஏத்து சாமான, வண்டிக்காரனுக்கு நேரம் ஆவுது."

சுடலைமுத்து குனிஞ்ச தலை நிமிரலை. பத்தொம்பது வருஷமா அந்தக் குரலைக் கேட்டா மூட்டைக்கு அடியில தோளைக் குடுத்த மனுஷன். 'சரிண்ணே'ன்னு சொல்லிடுவாரோன்னு அவர் வாயையே பார்த்தேன். வாளித் தண்ணி பூராவும் என் கால்லயே ஊத்திக்கிட்டேன். அவர் மெதுவாக் குனிஞ்சு, இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, செருப்பை மாட்டினாரு. இந்த ஆறு மாசத்துல நகர் கேட்டைத் தாண்டி ஒரு நாளும் நடந்தவர் இல்லை.

"அண்ணே, நீங்க வந்த வண்டியிலயே திரும்பி வாங்க," ன்னாரு. "நான் முன்னால நடந்து போயி டிக்கெட் எடுத்து வைக்கேன்."

"யாருக்குலே டிக்கெட்டு?"

"ஒங்களுக்குத்தான். ஒரு டிக்கெட்டு."

சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம, ஒரு கையை இடுப்புல ஊனிக்கிட்டு நடந்தாரு. பின்னாலேயே நான் நடந்தேன், என் வீட்டுக்காரர் நடந்தார், சடகோபன் வெறுங்கையை வீசிக்கிட்டு நடந்தார். குட்டியானை எங்களைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கிட்டுப் போச்சு, அதுல அண்ணாச்சி முன்சீட்டுல உக்காந்து எங்களைப் பைத்தியங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போனாரு.

அவரு வேட்டியை உதறிக்கிட்டு பிளாட்பாரத்துக்கு வந்தப்ப, சுடலைமுத்து டீ குடிச்சு முடிச்சு, பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அண்ணனைப் பார்த்ததும் எந்திரிக்கலை. உக்காந்தபடியே டிக்கெட்டை நீட்டினாரு. அண்ணாச்சி அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாரு, தம்பியைப் பார்த்தாரு, அவருக்குப் பின்னால நின்ன எங்களைப் பார்த்தாரு.

"அவ வரலியா?" ன்னு கேட்டாரு, குரல் இறங்கியிருந்துச்சு.

மெஸ் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாரு சுடலைமுத்து. பேச்சியம்மாள் எங்க யாரையும் கவனிக்கலை. ரெண்டாம் பந்திக்கு அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தா.